வெள்ளிக்கிழமைப் புத்தகப் பை

வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து கிளம்பும்போது என் பையில் மூன்று நூலகப் புத்தகங்கள் இருக்கும். சனி, ஞாயிறு எப்போ வரும்னு மனம் காத்திருக்கும். இந்த ஆவலை மாணவர்களுக்கும் கொடுக்க நினைத்தேன். ஆனால், நான் கொடுத்தது என்ன தெரியுமா? நூலாய்வுத் தாள்!

உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி அதை அழகாக நிரப்பியிருந்தாள். "எந்த இடத்துல சிரிப்பு வந்துச்சு?" என்று கேட்டேன். "பின்னட்டையைப் பார்த்துதான் சார் எழுதினேன்" என்றாள். தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. அன்றோடு அந்தத் தாளை நிறுத்திவிட்டேன். இப்போது நாங்கள் செய்வது இதுதான்.

1. மூன்று புத்தகம் எடுங்கள். நூலகத் தவணை 21 நாள், அதாவது மூன்று வார இறுதிகள். முதல் பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் புரியவில்லையா? வேறு புத்தகம் எடுங்கள், வெட்கப்பட வேண்டாம். இராம. கண்ணபிரான், மா. இளங்கண்ணன் போன்ற சிங்கப்பூர் எழுத்தாளர்களின் கதைகளில் தொடங்கலாம். நமக்குத் தெரிந்த ஊர், தெரிந்த வாழ்க்கை.

2. நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சனிக்கிழமை காலை 20 நிமிடம் போதும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும்.

3. உரையாடல் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். கதாசிரியர் "மழை வந்துவிட்டது" என்று எழுதுவார். பாத்திரமோ "மழை வந்துடுச்சு" என்று பேசும். எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருக்கும். வாய்மொழித் தேர்வில் வாசிப்புப் பகுதி முடிந்து உரையாடலுக்கு வரும்போது பலர் தடுமாறுவது இந்த மாற்றத்தில்தான். கதை படித்துப் பழகிய காதுக்கு அது இயல்பாக வரும்.

4. ஆசிரியர்களே, திங்கட்கிழமை ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த இடத்துல நிறுத்தினே, ஏன்?" முடிக்காதவரும் பதில் சொல்லலாம். மதிப்பெண் வேண்டாம்.

அந்த மாணவி இன்னும் வேகமாகப் படிப்பவள் இல்லை. போன வாரம் வந்து, "சார், தவணை முடியுது, இன்னும் நாப்பது பக்கம் இருக்கு, என்ன பண்றது?" என்றாள். வேறு யாரும் முன்பதிவு செய்யாவிட்டால் தவணையை நீட்டிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

இந்த வெள்ளிக்கிழமை உங்கள் பையில் என்ன புத்தகம்?