வீடு தேடி வந்த ஓவியம்

கார்த்திகைத் தீபத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் திரளும் ஊர் திருவண்ணாமலை. வந்தவர்கள் கடைவீதியிலே வாங்கிச் செல்வது என்ன? படம்! சட்டமிட்ட அச்சுப் படம். பகுத்தறிவு பேசும் உனக்கு அந்தக் கடையிலே என்ன வேலை என்று கேட்காதீர்கள், தோழர்களே! படத்திலுள்ள தெய்வத்தைப் பற்றி வேறொரு நாள் வாதாடுவோம். இன்று, அதை வீட்டுக்கு அனுப்பிவைத்த கலையைப் பற்றி மட்டும்.

ஜெர்மனியிலே செனிபெல்டர் என்றொரு நாடக ஆசிரியர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதி. நாடகத்தை மலிவாக அச்சிட வழி தேடினார். சுண்ணாம்புக் கல்லிலே கொழுப்பு மையால் எழுதினார், கல்லை நனைத்தார், அச்சு மையை உருட்டினார். ஈரத்தில் மை ஒட்டாது, எழுத்திலே ஒட்டும். அதுதான் கல்லச்சு! வண்ணப் படமென்றால், வண்ணத்துக்கு ஒரு கல்.

அந்தக் கல்லச்சைக் கொண்டு 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார் ரவிவர்மா. அரண்மனைச் சுவரை அலங்கரித்த ஓவியம் எளியவர் வீட்டுக்குப் புறப்பட்டது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட தோழர்கள் நுழைந்தது எப்போது? 1939-ல்! கோயில் வாசல் "எட்டி நில்" என்றது. அச்சுப் படம் விற்றவனோ, "காசு இருக்கிறதா" என்று மட்டுமே கேட்டான். காசுக்குச் சாதி ஏது!

தமிழகத்திலே இந்தக் கலையை வளர்த்தவர் சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். இதே திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் எழுதப் போனார். 1942-ல் கோவில்பட்டியிலே கம்பெனி கலைந்தது. ஓவியர் அங்கேயே தங்கினார். பக்கத்திலே சிவகாசி! அவரும் சீடர்களும் எழுதினர், சிவகாசி அச்சிட்டது, கடைக்காரர் இலவசமாகத் தந்தார். கூலிக்காரன் வீட்டிலே ஓவியம் என்று ஒன்று இருந்ததென்றால், அந்தக் காலண்டர்தான்.

காலண்டர் படமா என்று உதட்டைப் பிதுக்கும் கனவான்கள் உண்டு. ஜப்பானிலே மரக்கட்டை அச்சுப் படங்களைச் சாதாரண நகரவாசிகள்தான் மலிவாக வாங்கினார்கள். இன்று அவை அந்த நாட்டின் தேசியப் பெருமை!

என் கோபம் வேறு. அச்சிலே லட்சுமி வந்தாள், முருகன் வந்தான். மூட்டை சுமப்பவன் ஏன் வரவில்லை? கொண்டையராஜுவைக் குறை கூறேன், கேட்டதை எழுதினார். வங்கத்துச் சித்தபிரசாத், 1943 பஞ்சத்திலே பட்டினியால் மடிந்தவர்களை வரைந்து நூலாக்கினார். வெள்ளை அரசு பிரதிகளைப் பறித்துக் கொளுத்தியது. லட்சுமி படம் தாராளமாக விற்ற நாட்டிலே, எலும்புக்கூட்டின் படத்துக்குத் தீ! அவர் ஓயவில்லை. பிறகு லினோலியத்தைச் செதுக்கி, உழைக்கும் சிறுவர்களையே அச்சிலேற்றினார்.

கொண்டையராஜு 1976-ல் மறைந்தார். அவர் காலத்துக் காலண்டர் படம் உங்கள் வீட்டிலே கிடந்தால், தூசு தட்டி ஓரத்தைப் பாருங்கள். தம் பெயரோடு சீடரின் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டவர் அவர்.