அயர்லாந்து றீல் இசையிற் பாடவேறுபாடுகள்

வாய்மொழி மரபில் வாழும் ஓர் இசையின் பல்வேறு பாடங்களை எவ்வாறு இனங்கண்டு ஒப்புநோக்குவது என்பது நாட்டாரியல் ஆய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இதனை ஆராய்வதற்கு, அயர்லாந்தில் 'மிஸ் மக்ளவுட்' எனும் பெயரால் வழங்கும் நடன இசை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அது 'றீல்' எனும் வகையைச் சார்ந்தது. றீல் விரைந்த இரட்டைத் தாளத்தில் இயல்வது. பெரும்பாலும் எவ்வெட்டுத் தாள அலகுகள் கொண்ட இரு பகுதிகளை உடையது.

அயர்லாந்து மக்கள் தமதெனப் போற்றும் இவ்விசையின் பழைய அச்சுப்பாடம் ஒன்று ஸ்கொத்லாந்திலே காணப்படுகின்றது. 1809 இல் கோ குடும்பத்தார் வெளியிட்ட ஐந்தாந் தொகுப்பில் இது 'ராசே தீவின் திருமதி மக்ளவுட்' எனப் பெயர் பெறுகின்றது. இது ஸ்கை தீவுக்குரியது என்றும், மக்ளவுட் என்பவரே இதனை அறியத்தந்தார் என்றும் ஆங்குக் குறிப்பும் உண்டு. அயர்லாந்தில் 'திருமதி', 'செல்வி' ஆயினாள். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தபின், ஐக்கிய அமெரிக்காவில் 'ஹொப் ஹை லேடீஸ்', 'அங்கிள் ஜோ' எனும் பெயர்களும் பாடற்சொற்களும் வந்து சேர்ந்தன. ஸ்கொத்லாந்தினர் பெரும்பாலும் 'ஏ' சுரத்தை ஆதாரமாகக் கொள்ள, அயர்லாந்தினர் 'ஜி' சுரத்தைக் கொள்வர்.

ஆகவே பெயரையோ சுருதியையோ மட்டும் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. இவ்விடர்ப்பாட்டை நீக்க முயன்றவருள் பிரண்டான் பிரானாக் முதன்மையானவர். 1963 இல் அயர்லாந்து நடன இசைத் தொகுப்பின் முதற் பாகத்தை வெளியிட்ட இவர், தொடக்கத் தாள அலகுகளில் அழுத்தம் பெறும் சுரங்களை எண்களாக்கி, அவ்வெண்வரிசைப்படி அட்டைச் சுட்டி ஒன்றை அமைத்தார். எண்கள் ஆதார சுரத்திலிருந்து கணிக்கப்படுவதாற் சுருதி வேறுபாடு தடையாவதில்லை. அலங்காரமும் வில்வீச்சும் இடைச்சுரங்களும் கலைஞர்தோறும் மாறுபட, அழுத்தச் சுரங்கள் பெரிதும் நிலைத்து நிற்கும் என்பதே இம்முறையின் அடிப்படை.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி மூலபாடத்தை மீட்கும் முறை இங்கு முற்றாகப் பொருந்துமா? பொருந்தாது. சுவடியைப் பெயர்த்தெழுதுவோன் செய்யும் மாற்றம் பெரும்பாலும் வழுவெனப்படும். றீல் இசைப்போனோ ஒரு பகுதியை மீள இசைக்கும்போதே அதனை வேண்டுமென்று வேறுபடுத்துகின்றான். அவ்வேறுபாடு அவன் புலமைக்குச் சான்றாகின்றது.

இப்பன்மைக்கு அச்சும் இசைத்தட்டும் ஊறு விளைத்தமையும் நோக்கற்பாலது. சிக்காகோ நகரப் பொலிஸ் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903 இல் 1,850 இசைகளை வெளியிட்டார். இசையைக் குறியீட்டில் எழுதும் பயிற்சி அவருக்கின்மையால், ஜேம்ஸ் ஓ'நீல் என்பவர் கேட்டெழுதினார். ஒருவர் செவியிற் பட்ட ஒரு பாடமே பலருக்கு நியமமாயிற்று. ஸ்லைகோ மாவட்ட வயலின் கலைஞரான மைக்கேல் கோல்மன் 1921 முதல் அமெரிக்காவிற் பதிவுசெய்த இசைத்தட்டுக்கள் அயர்லாந்தை அடைந்ததும், பிற பகுதியினரும் அவர் பாணியைப் பின்பற்றலாயினர். தத்தம் ஊர்ப் பாணிகள் நலிந்தன. மரபைக் காத்த கருவிகளே அதன் பன்மையையும் குறைத்தன.

எனவே, தூய மூலம் ஒன்றைத் தேடி ஏனைய பாடங்களைத் தள்ளுதல் ஆய்வாளர்க்கு உகந்ததன்று. யாரிடம், எங்கு, எப்பொழுது கேட்கப்பட்டது என்னும் குறிப்போடு ஒவ்வொரு பாடத்தையும் தனிச்சான்றாகப் பேணுதல் வேண்டும். அக்குறிப்பில்லாத பாடம், எத்துணை இனிதாயினும், வரலாற்றுக்குப் பயன்படாது.