கல்லோடு வந்த விருந்தாளிகள்

கடல்நீர்த் தொட்டி என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுபவை வண்ண மீன்களே. ஆனால் அத்தொட்டியின் குடிமக்களில் பலர் நாம் விலை கொடுத்து வாங்காதவர்கள். துளைகள் நிறைந்த கல், மணல், சிப்பி ஆகியவற்றில் முட்டையாகவோ இளம் உயிரியாகவோ ஒளிந்து வந்து, சில வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவார்கள். பயணச்சீட்டு இல்லாமல் ஏறிவிட்ட இவர்களை இனங்காண்பது எப்படி என்பதே இக்கட்டுரை.

கடலே இல்லாத கிருஷ்ணன்கோவில்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். ராஜபாளையத்தில் என் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் இத்தகைய தொட்டி ஒன்று உண்டு. வேறொருவரின் பழைய தொட்டியில் ஊறிய செயற்கைக் கல்லை அதில் வைத்திருந்தார். ஒரு மாதத்தில் கல்லிடுக்கிலிருந்து முட்கள் நிறைந்த புழு ஒன்று எட்டிப் பார்க்கவே, கல்லை எடுத்துக் கொதிக்க வைத்துவிடலாம் என்றார். நான் தடுத்தேன். கல்லில் ஒட்டி வளரும் ஸோவாந்திட் என்னும் குழியுடலிகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அத்தகைய கல்லைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்ச்சிகள் வெளிநாடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே இனங்காணுதல் வெறும் பொழுதுபோக்கு அன்று, உயிர்காக்கும் அறிவுமாகும்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. விலங்கியல் செய்முறை வகுப்பில் பார்மலின் ஜாடிகளைப் பார்த்து நாம் எழுதிய குறிப்புகளே போதும். முதலில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். உடல் ஆரச் சமச்சீர் உடையதா, இருபக்கச் சமச்சீர் உடையதா? கண்டங்களாகப் பிரிந்துள்ளதா? கணுக்களுள்ள கால்கள் உண்டா? இம்மூன்றிலேயே தொகுதி ஏறக்குறைய விளங்கிவிடும். பெரும்பாலானவை இரவில்தான் வெளிவரும். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் விளக்கால் பார்த்தால், பல உயிரிகள் அவ்வொளியை அவ்வளவாக உணராமல் தம் வேலையில் ஈடுபட்டிருக்கும்.

கண்டங்களும், இருபுறமும் முட்கற்றைகளும் இருந்தால் அது வளைத்தசைப்புழுத் தொகுதியின் பாலிகீட்டா வகுப்பு. இவற்றுள் சிறியவை பெரும்பாலும் மீந்த இரையையும் அழுகியவற்றையும் தின்று தொட்டியைத் துப்புரவு செய்பவை. சித்தப்பா வீட்டுப் புழு இவ்வகையே. ஆனால் வெறுங்கையால் தொடலாகாது. முட்கள் தோலில் முறிந்து எரிச்சல் தரும். தலையில் ஐந்து உணர்கொம்புகளும் வலிய தாடைகளும் உடைய யூனிஸ் புழுவாயின் எச்சரிக்கை வேண்டும். அதன் சில இனங்கள் ஒரு மீட்டருக்கும் மேல் வளர்ந்து மீனையே பிடிக்கும். கண்ணாடியில் ஒட்டிய சிறு வெண்சுருள்களும் பாலிகீட்டாக்களின் குழல்களே; அவை தீங்கற்றவை.

ஆரச் சமச்சீரும், மெல்லிய நீண்ட உணர்நீட்சிகளும், பழுப்பு நிறமும் கொண்டு, தொட்டவுடன் சுருங்கினால் அது ஐப்டேசியா என்னும் கடல் சாமந்தி. கொட்டும் செல்களால் அண்டையில் உள்ள பவளங்களைத் தாக்கும். இதைச் சுரண்டி எடுப்பது பெருந்தவறு. அடித்தட்டின் சிறு துணுக்கும் புதிய உயிரியாக வளரும். சுண்ணாம்புக் குழைவை ஊசியால் அதன் வாயில் செலுத்தி அழிப்பது வழக்கம். நீரின் காரத்தன்மை ஏறிவிடும் என்பதால் ஒரே நாளில் பலவற்றுக்குச் செய்யலாகாது.

இரவில் தொட்டியிலிருந்து 'டிக்' என்ற ஓசை கேட்டால் இருவரில் ஒருவர் இருக்கலாம். ஒரு கை மட்டும் பருத்திருந்தால் அது சொடுக்கு இறால்; சில இனங்கள் கோபி மீனுடன் ஒரே வளையில் கூடி வாழ்பவை. காம்புகளின் மேல் தனித்தனியே சுழலும் கண்களும், கும்பிடுபூச்சியைப் போல மடிந்த முன்கைகளும் இருந்தால் அது ஸ்டொமட்டோபாட். அது நத்தை, நண்டு, மீன் ஆகியவற்றை வேட்டையாடும். அதற்குத் தனித் தொட்டியே தக்கது.

நண்டுகளையும் ஒரே கண்ணால் பார்க்கலாகாது. மயிரடர்ந்த உடலும் கருநுனி இடுக்கிகளும் உடையவை ஐயத்துக்குரியவை. ஆனால் கிளைப்பவளங்களில் வாழும் டிரபீசியா நண்டு, பவளத்தின் மேல் படியும் மண்ணை அகற்றுகிறது. அதைத் தின்ன வரும் முட்கிரீட நட்சத்திர மீனையும் எதிர்த்து விரட்டுகிறது. வீட்டுக் காவலனைத் திருடன் என்று கொல்வது முறையாகுமா?

இனி, வேண்டாத உயிரியை என்ன செய்வது? ஓடையிலோ கடலிலோ விடவே கூடாது. 1984-இல் மொனாக்கோவில், கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்ட காலெர்ப்பா டாக்ஸிபோலியா என்னும் தொட்டிப் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்பில் பரவியது. உறைபெட்டியில் வைத்து உறையச் செய்து, பின் குப்பையில் சேர்ப்பதே பாதுகாப்பானது.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். நமக்கு அருகில் உள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அங்கிருந்து பவளக்கல் பெயர்த்தெடுப்பது குற்றம். சிமெண்டிலும் பீங்கானிலும் செய்த கற்களே நம் தொட்டிக்குப் போதும்.

தெரியாத உயிரைக் கண்டதும் அஞ்சுவதும் அடிப்பதும் மனித இயல்பு. கால்களை எண்ணி, கண்டங்களை நோக்கி, அதன் பெயரை அறிந்த பின்னரே தீர்ப்புச் சொல்வது விலங்கியல் மாணவனின் பண்பு. அப்பண்பை வகுப்பறையோடு நிறுத்தாமல் வீட்டுக் கூடம் வரை கொண்டு செல்வோமாக!