கோடில்லாத ஓட்டப்பந்தயம்

ஓட்டப்பந்தயம் என்றதும் நம் கண்முன் தோன்றுவது சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானமும், விசில் ஒலியும், முடிவில் கட்டிய ரிப்பனும்தான். எந்தப் பக்கம் ஓடுவது என்று அங்கே யாரும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் கோடே இல்லாத ஓட்டம் ஒன்று உண்டு. ஓடுபவர் கையில் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் இருக்கும். வரைபடத்தில் வட்டமிட்ட இடங்களுக்கு அவரே வழி கண்டுபிடித்துப் போய், அங்குள்ள ஆரஞ்சும் வெள்ளையுமான அடையாளத்தைத் தொட்டு, பதிவு செய்துகொண்டு திரும்ப வேண்டும். இதற்கு 'ஓரியண்டீரிங்' என்று பெயர். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ராணுவப் பயிற்சியாகத் தோன்றிய இது, 1897-ல் நார்வேயில் பொதுமக்கள் பந்தயமாக நடந்தது. 1919-ல் ஸ்வீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்பவர் ஸ்டாக்ஹோம் நகருக்குத் தெற்கே நடத்திய பந்தயத்திற்குப் பின் பெரும் விளையாட்டாக வளர்ந்தது.

இவ்வாண்டு எங்கள் சாரணியர் குழுவில் திசைகாட்டியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால்தான் இந்த ஓட்டத்தைப் பற்றிப் படிக்கும் ஆவல் எங்களுக்கு உண்டாயிற்று. படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. இதில் வேகம் இரண்டாம் பட்சமே. நாம் எங்கே இருக்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் பத்திரமாக இருக்கிறோம் என்று பிறருக்கும் தெரிய வேண்டும். இதற்கு எடுத்துக்காட்டாக இங்கிலாந்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

பிரிட்டனில் 1968 முதல் 'மலை மாரத்தான்' என்னும் இரண்டு நாள் ஓட்டம் ஒன்று நடந்து வருகிறது. குளிர் தொடங்கும் அக்டோபர் இறுதியில், ஆண்டுக்கு ஒரு மலைப்பகுதியில் நடக்கும். தனியாக ஓட அனுமதியில்லை. இருவர் இருவராகவே செல்ல வேண்டும். கூடாரம், உறங்கும் பை, சிறு அடுப்பு, உணவு, மாற்றுடை எல்லாவற்றையும் முதுகிலே சுமந்துகொண்டு போய், இரவில் மலையிலேயே தங்கி, மறுநாளும் ஓட வேண்டும். கடினமான பிரிவில் ஓடும் தூரம் இரண்டு மாரத்தான் அளவு இருக்குமாம். எங்களுக்குப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுவதற்குள்ளேயே மூச்சு வாங்குகிறது!

2008-ஆம் ஆண்டு இந்த ஓட்டம் கம்பிரியா மாவட்டத்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் நடந்தது. அங்குள்ள சீத்வெய்ட் என்ற சிற்றூர், இங்கிலாந்தில் மக்கள் வாழும் ஊர்களில் மிக அதிகமாக மழை பெய்யும் இடம். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல், அதாவது சென்னையில் பெய்வதைப் போல் இரு மடங்குக்கும் மேல், அங்கே பெய்கிறது. அக்டோபர் 25, சனிக்கிழமை. சுமார் 2,500 பேர் மலையேறினார்கள். புயற்காற்றும் கனமழையும் வந்தன. ஓடைகள் ஆறுகளாயின, கார்கள் நிறுத்திய வயல்களிலும் வெள்ளம் புகுந்தது. அன்று பகலிலேயே பந்தயம் கைவிடப்பட்டது. அன்றிரவு சுமார் 1,700 பேர் கணக்கில் வரவில்லை என்ற செய்தி உலகெங்கும் பரவிவிட்டது.

இதைப் படித்தபோது எங்கள் நெஞ்சு படபடத்தது உண்மை. வீட்டிலிருந்து அந்தச் செய்தியைக் கேட்ட தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் நடந்தது வேறு. பலர் கூடாரத்துக்குள் உறங்கும் பையில் சுருண்டிருந்தார்கள். பலர் பண்ணை வீட்டுக் கொட்டகைகளிலும் ஹானிஸ்டர் பலகைக்கல் சுரங்கத்திலும் ஒதுங்கியிருந்தார்கள். வேறு பள்ளத்தாக்குகளில் இறங்கியவர்களும் உண்டு. சிலருக்கு மருத்துவமனைச் சிகிச்சை தேவைப்பட்டது. உயிரிழந்தவர் ஒருவரும் இல்லை. அவர்கள் காணாமற் போகவில்லை. அவர்கள் இருக்கும் இடம் பிறருக்குத் தெரியவில்லை, அவ்வளவே. அந்த இரவில் அவர்களைக் காத்தது முதுகிலிருந்த மூட்டையும், வரைபடம் படிக்கத் தெரிந்த அறிவும் ஆகும்.

வரைபடத்தைப் பற்றி முதலில் சொல்வோம். மலை வரைபடத்தில் பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் கோடுகள் சமஉயரக் கோடுகள். பூகோளப் பாடத்தில் இவற்றை மதிப்பெண்ணுக்காக மட்டுமே வரைந்திருக்கிறோம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு. ஓடை ஓடும் பள்ளத்தில் கோடுகள் மேட்டுப் பக்கம் கூர்மையாக வளையும். இதைக் கண்ணால் பார்த்ததும் மனத்தில் மலை எழுந்து நிற்க வேண்டும், அதுதான் தேர்ச்சி. வரைபடத்தை எப்போதும் அதன் வடக்கு உண்மையான வடக்கைப் பார்க்கும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. நாம் நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, நகர நகர விரலையும் நகர்த்த வேண்டும்.

நேராகப் போவதே குறுக்கு வழி என்று நினைப்பது புதியவர்களின் தவறு. தேர்ந்தவர்கள் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடிப்பது போல, ஓர் ஓடையையோ கற்சுவரையோ துணையாகக் கொண்டு அதன் ஓரமாகவே செல்வார்கள். இன்னொரு உபாயம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஓடையின் மேல் உள்ள சிறு பாலத்தை அடைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நேரே குறிவைத்துப் போனால் பாலம் கண்ணில் படாதபோது அது இடப்புறமா வலப்புறமா என்று தெரியாது. ஆகையால் வேண்டுமென்றே சற்று இடப்புறமாகக் குறிவைத்து ஓடையை அடைந்து, பிறகு சந்தேகமின்றி வலப்புறம் திரும்பி நடப்பார்கள். தவறையே திட்டமிட்டுச் செய்வது எவ்வளவு சாமர்த்தியம்!

இப்போது திசைகாட்டி. 1930-களில் ஸ்வீடனில் ஷெல்ஸ்ட்ரோம் சகோதரர்கள் உருவாக்கிய, கண்ணாடி போன்ற தட்டின்மேல் அமைந்த வகையையே இன்றும் ஓட்டக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். தட்டின் விளிம்பை நிற்கும் இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்கு வரைபடத்தில் பொருத்தி, சுழலும் வட்டத்தை வரைபடத்தின் வடக்குக் கோடுகளுக்கு இணையாகத் திருப்பி, பின்பு ஊசியின் சிவப்பு முனை அதற்குரிய அம்புக்குள் அடங்கும்வரை நம் உடலைத் திருப்பினால், தட்டு காட்டும் பக்கமே வழி. ஊசியின் முனைகளை மாற்றிப் பார்த்துவிட்டால் நேர் எதிர்த்திசையில் போய்விடுவோம். களைப்பில் இது நடக்கிறதாம். இரும்பும் காந்தமும் அருகில் இருந்தாலும் ஊசி பொய் சொல்லும். எங்கள் பயிற்சியின்போது ஒருத்தி பள்ளியின் இரும்புக் கேட்டருகே நின்று பார்த்துவிட்டு, தேவாலயம் இடம் மாறிவிட்டது என்று சாதித்தாள். கைப்பேசிக்குள்ளும் காந்தம் இருக்கிறது. திசைகாட்டியையும் அதையும் ஒரே பையில் போட்டு வைத்தால் நாளடைவில் ஊசியின் வடமுனை தென்முனையாகவே மாறிவிடக்கூடும்.

நேரத்தையும் ஒரு கருவியாகக் கொள்ளலாம். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் அது ஏறத்தாழ மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, ஏறும் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு நிமிடம் கூடுதல் என்று வரும். 4 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் என்றால் 48-உம் 30-உம் சேர்த்து 78 நிமிடம். ஓடுபவர் தம் வேகத்துக்கேற்ப இதைக் குறைத்துக்கொள்வார். கணக்கிட்ட நேரம் கடந்தும் குறித்த இடம் வராவிட்டால், தாண்டிவிட்டோம் என்று பொருள்.

அப்போது என்ன செய்வது? நிற்க வேண்டும். பதற்றத்தில் வேகமாக ஓடுவதுதான் கேடு. எதிரே தெரியும் குன்றை வரைபடத்தில் உள்ள ஏதோ ஒரு குன்றோடு பொருத்தி மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்வதும் கேடு. கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் வந்தோம் என்று இருவரும் பேச வேண்டும். தெரியாவிட்டால் அந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். பாரோடேலுக்கு மேலே உள்ள 899 மீட்டர் உயர கிரேட் கேபிள் மலையிலிருந்து மூன்று பள்ளத்தாக்குகள் பிரிகின்றன. மூடுபனியில் தவறி வாஸ்டேல் பக்கம் இறங்கிவிட்டால், பாரோடேலுக்குச் சாலை வழியே திரும்பக் காரில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும்.

குளிரைப் பற்றி நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்வது கடினம். மழையில் நனைந்த சீருடையோடு, முழு வேகத்தில் சுழலும் மின்விசிறிக்கடியில் நாள் முழுதும் நிற்பதாக எண்ணிப் பாருங்கள், அதையும் பனிப்பெட்டிக்குள். நனைந்த துணியும் காற்றும் சேர்ந்து உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். முதலில் அடக்க முடியாத நடுக்கம்; பிறகு கால் தடுமாறும், நாக்குக் குழறும், புத்தி மழுங்கும். நடுக்கம் நின்றுவிட்டால் நலமாயிற்று என்று மகிழக்கூடாது, அதுவே பேராபத்து. இதில் விபரீதம் என்னவென்றால், பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்வார். இருவராகப் போக வேண்டும் என்ற விதியின் அருமை இங்கேதான் தெரிகிறது. துணைவர் உடனே கூடாரம் அமைத்து, ஈர உடையை மாற்றி, உறங்கும் பைக்குள் படுக்க வைத்து, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பும் சூடான பானமும் தர வேண்டும். கைகால்களைத் தேய்த்துவிடக் கூடாது என்பது எங்களுக்குப் புதிய செய்தி. பருத்தி உடை நமக்கு உகந்தது. அந்த மலைக்கு ஆகாது, நனைந்தால் உலராது.

பெருக்கெடுத்த ஓடையைக் கடக்கவே கூடாது. முழங்கால் ஆழ வெள்ளம் ஆளைப் புரட்டிவிடும். மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனால் நேரந்தான் நஷ்டம். உதவி தேவைப்பட்டால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். மூன்று முறை ஊதினால் அது பதில். கைப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். பள்ளத்தாக்குகளில் அதற்குப் பல இடங்களில் தொடர்பு கிடைப்பதில்லை.

இனி, ஓட்டத்தைப் பாதியில் விட்டவர் செய்ய வேண்டியது. எவ்வளவு களைத்திருந்தாலும் முடிவிடத்துக்கு வந்தோ, எப்படியேனும் செய்தி அனுப்பியோ, தாம் வந்துவிட்டதைப் பதிவு செய்தாக வேண்டும். அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்க, மீட்புக் குழுவினர் இரவெல்லாம் அவரைத் தேடி மலையில் திரியலாம். அவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

இதை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சென்ற செப்டம்பரில் பள்ளி வளாகத்திலேயே எட்டு இடங்களில் அட்டை வைத்து எங்களுக்கு ஒரு சிறு ஓட்டம் நடத்தினார்கள். முப்பத்திரண்டு பேர் போனோம். முப்பது பேர் திரும்பினோம். மழை தூறத் தொடங்கியது. பொறுப்பாளரான சிஸ்டர் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பெயரையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்; கிணற்றடிக்கு ஓடினார்; தோட்டக்காரரைத் தென்னந்தோப்புக்கு அனுப்பினார். ஐந்தாவது அட்டை கிடைக்காமல் சலித்துப்போன அந்த இருவரும் விடுதிச் சமையலறையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். ஆம், அந்த இருவரில் இதை எழுதுபவரும் ஒருவர். சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. நனைந்த முக்காட்டோடு வாசலில் நின்று, பட்டியலில் எங்கள் பெயர்களுக்கு நேரே குறியிட்டுவிட்டு, விரல் நடுங்க, நேரத்தையும் எழுதினார்: 5.40.