ஆட்டம் காணும் சந்தையும் நம் வீட்டுச் சேமிப்பும்

2022 மே மாதத்தில் ஒரு மாலை நேரம். இத்தா முடிந்து சில வாரங்களேயான ஒரு சகோதரி, தன் மகளையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மறைந்த கணவரின் ஊழியர் சேமலாப நிதிப் பணம் அந்த வாரம்தான் கைக்குக் கிடைத்திருந்தது. கணவர் விட்டுச் சென்ற கடன்களைத் தீர்த்த பின், வாரிசுகளின் பங்கைக் கணக்கிட்டுத் தரும்படி கேட்கவே வந்தார். கணக்கைப் பார்த்து முடித்தோம். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

“மௌலவி, யாருக்கு எவ்வளவு பங்கு எண்டு நீங்க சொல்லிட்டீங்க. இந்தச் சல்லி கரைஞ்சி போகாம இருக்க நான் என்ன செய்ற?”

என் மனைவி கொடுத்த தேநீர் அவருக்கு முன்னால் ஆறிப் போய்க்கொண்டிருந்தது. நானா ஒருவர் டொலர் வாங்கி வைக்கச் சொன்னாராம். மச்சான், பங்குகள் மலிந்துவிட்டன, இப்போதே வாங்குங்கள் என்றாராம். பக்கத்து வீட்டார் தங்கம் என்றார்கள். இன்னொருவரோ, என் வியாபாரத்தில் போடுங்கள், மாதம் 5 வீதம் இலாபம் தருகிறேன் என்று வீடு தேடி வந்தாராம். இரண்டு பிள்ளைகளின் பங்கும் அந்தப் பணத்துக்குள் இருந்தது. தவறினால் திருப்பிச் சம்பாதிக்க வீட்டில் ஆண் துணை இல்லை.

நான் அறபுக் கல்லூரியில் படித்து அங்கேயே படிப்பித்துக் கொடுப்பவன். பாகப் பிரிவினைக் கணக்கு தெரியும்; பங்குச் சந்தைக் கணக்கு அன்று தெரியாது. அதனால் அவரிடம் திருப்பி ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: “இந்தப் பணத்தில் எது உங்களுக்கு எப்போது தேவைப்படும்?” பின்னர் படித்தும் விசாரித்தும் அறிந்தவை எல்லாம் அந்தக் கேள்வியையே பலப்படுத்தின. அவற்றை நம் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்த நாட்களில் நடந்தது என்ன?

2022 மார்ச் தொடக்கம் வரை ஒரு டொலர் 200 ரூபாவை அண்மித்தே வைக்கப்பட்டிருந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரல் 8ஆம் திகதி, வங்கிகள் மத்திய வங்கியிடம் கடன் பெறும் வட்டி வீதம் 7.5 இலிருந்து 14.5 ஆக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. கொழும்புப் பங்குச் சந்தை ஏப்ரல் 18 முதல் 22 வரை மூடப்பட்டது. 25ஆம் திகதி திறந்தபோது விலைகள் கடுமையாக வீழ்ந்ததால் வர்த்தகம் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறிப் பதவி விலகினார். செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதமாகியது.

அரசியலும் வட்டி வீதமும் ஒரே நேரத்தில் ஆடினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் நம் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

வட்டி வாங்காத வீட்டுக்கு வட்டி வீதம் எதற்கு?

“நாங்கள் வட்டி எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் என்ன, இறக்கினால் என்ன?” என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பேணுதல் போற்றத்தக்கது. ஆனால் மழையில் நனையக் கூடாதென்று வீட்டுக்குள் இருப்பவரின் கூரையிலும் மழை விழத்தான் செய்கிறது.

வட்டி வீதம் ஏறினால் கம்பனிகளின் கடன் சுமை ஏறும். அவற்றின் இலாபம் குறையும். பங்கின் விலையும் இறங்கும். 2022இல் அரசாங்கத்தின் திறைசேரி உண்டியல்கள் 30 வீதத்துக்கு மேல் வருமானம் தந்தன. ஆபத்துக் குறைந்ததாகக் கருதப்படும் இடத்திலேயே அவ்வளவு கிடைக்கும்போது, பங்குகளில் பணத்தை வைத்திருக்க யார் விரும்புவார்? காணி வாங்குவோரும் குறைவார்கள். கடைக்காரர் கடன் வாங்கிச் சரக்கு நிரப்பத் தயங்குவார். முழாரபா அடிப்படையில் இயங்கும் வங்கிகள் வட்டி தருவதில்லை, இலாபத்தைப் பங்கிட்டே தருகின்றன. எனினும் அவையும் இதே சந்தையில்தான் தொழில் செய்கின்றன. ஆகவே அவற்றின் இலாப வீதமும் நாட்டின் நிலைமையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

எனவே வட்டி வீதத்தை அறிந்து வைத்திருப்பது வட்டியில் ஈடுபடுவதாகாது. நம் பொருளைப் பாதுகாக்க வேண்டிய அறிவு அது.

அவசரப்பட்டவர்களின் அனுபவம்

டொலர் 360ஐத் தாண்டியபோது, அது 500க்குப் போகும் என்று ஊரெல்லாம் பேச்சு. நகையை விற்று, கூடிய விலைக்கு டொலர் வாங்கி அலுமாரியில் வைத்தவர்களை நான் அறிவேன். 2024 முடியும்போது டொலர் 300 ரூபாவுக்குக் கீழே வந்திருந்தது.

பங்குச் சந்தையிலும் இதே கதைதான். 2021இல் விலைகள் ஏறிக்கொண்டே போனபோது, சந்தையின் வாசலையே அறியாத இளைஞர்கள் தொலைபேசியில் பங்கு வாங்கினார்கள். சிலர் உம்மாவின் வளையலை அடகு வைத்தும் வாங்கினார்கள். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021 முடிவில் 12,226 ஆக இருந்தது. 2022 முடிவில் அது 8,489. அடகுக்கு வைத்தவர் காத்திருக்க முடியாது, தவணை வந்ததும் நட்டத்தில் விற்றார். சொந்தப் பணத்தில், அவசரத் தேவையில்லாத பணத்தில் வாங்கியவர் காத்திருந்தார். 2023 முடிவில் சுட்டெண் 10,654. 2024 முடிவில் 15,944. இருவரும் வாங்கியது ஒரே பங்காக இருக்கலாம். ஒருவருக்குக் காத்திருக்க முடிந்தது, மற்றவருக்கு முடியவில்லை.

இங்கே ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 12,226 இலிருந்து 15,944 என்பது ஏறத்தாழ 30 வீத உயர்வு. அதே மூன்று ஆண்டுகளில் சாமான்களின் விலையோ ஏறத்தாழ 60 வீதம் உயர்ந்துவிட்டது. எனவே 2021 முடிவில் வாங்கிப் பொறுமையாக இருந்தவருக்கும், 2024 முடிவில் பங்கு விலையைக் கொண்டு பார்த்தால் பழைய வாங்கும் சக்தி முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை. ரூபாக் கணக்கில் இலாபம் என்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அந்தப் பணத்துக்கு எத்தனை கிலோ அரிசி வரும் என்று பார்ப்பதே இல்லத்தரசியின் கணக்கு. அதுவே சரியான கணக்கு.

வதந்தி வந்த பெருநாள்

2023 ஹஜ்ஜுப் பெருநாளை நினைத்துப் பாருங்கள். ஜூன் 29 வியாழன் பெருநாள் விடுமுறை. மறுநாள் வெள்ளியை விசேட வங்கி விடுமுறையாக அறிவித்தார்கள். பின்னர் சனி, ஞாயிறு, திங்கள் போயா. உள்நாட்டுக் கடனை மறுசீரமைக்கப் போகிறார்கள் என்பதற்காக ஐந்து நாட்கள் வங்கிகள் மூடப்பட்டிருந்தன. “வைப்புகளில் கை வைக்கப் போகிறார்கள்” என்ற பேச்சு உழ்ஹிய்யா இறைச்சியோடு சேர்ந்து வீடு வீடாகப் போனது.

நடந்தது என்ன? பொதுமக்களின் வங்கி வைப்புகளில் கை வைக்கப்படவில்லை. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளே நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. பயந்து முன்கூட்டியே பணத்தை எடுத்தவர்கள் அதை வீட்டில் வைத்து இரவெல்லாம் விழித்திருந்ததுதான் மிச்சம். அச்சம் முழுவதும் பொய் என்று நான் சொல்லவில்லை. தொழிலாளரின் ஓய்வுகாலப் பணத்தைத் தொடும் முடிவொன்று உண்மையில் எடுக்கப்பட்டது. ஆனால் வதந்தி காட்டிய இடம் வேறு, நடந்த இடம் வேறு.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்பும் இப்படித்தான். ஆட்சி மாறினால் சந்தை விழும் என்று விற்றவர்கள் பலர். ஆட்சி மாறியது. அம்மாதம் 12,000க்குக் கீழே இருந்த சுட்டெண், ஆண்டு முடிவில் 15,944 ஆனது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் நாட்டுப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்ததும் மீண்டும் பதற்றம். ஆகஸ்டில் அது 20 வீதமாகக் குறைந்தது. அடுத்தது எப்படிப் போகும் என்பதைத் தேர்தல் மேடைக்கு எதிரே நிற்பவராலும் சொல்ல முடியாது, மத்திய வங்கிக்கு எதிரே நிற்பவராலும் சொல்ல முடியாது. நம் வீட்டுக்கு எந்த மாதத்தில் எவ்வளவு தேவை என்பதை மட்டும் நம்மால் சொல்ல முடியும். ஆகவே அதிலிருந்து தொடங்குவோம்.

மூன்று பங்காகப் பிரியுங்கள்

முதலாவது, ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் பணம். சமையல், மின் கட்டணம், மருந்து, பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆகியன இதில் அடங்கும். இது இலாபம் தேடும் பணமல்ல. நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில் இருக்கட்டும். விலைவாசி இதை அரிக்கும் என்பது உண்மை. அது, அவசரத்துக்குப் பணம் கையில் இருப்பதற்காக நாம் கொடுக்கும் விலை. யூஸுப் நபியவர்கள் தானியத்தைச் சேமித்தது விளைச்சல் நிறைந்த ஆண்டுகளில். பஞ்சம் வந்த பின்னரல்ல. நிலைமை அமைதியாக இருக்கும் மாதங்களில்தான் இந்தப் பங்கைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒன்று முதல் மூன்று வருடங்களுக்குள் தேவைப்படும் பணம். மகளின் திருமணம், வீட்டுத் திருத்தம், ஹஜ் பயணம் போன்றவை இதற்குரியவை. இதைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். 2022இல் விழுந்த சந்தை பழைய ரூபா மட்டத்தைத் தாண்ட 2024 வரை சென்றது. திருமணத் திகதி சந்தைக்காகக் காத்திராது. தவணை முறையிலான முழாரபாக் கணக்கு போன்றவை இதற்குப் பொருந்தும். முழுவதையும் ஒரே நீண்ட தவணையில் கட்டிப்போடாமல், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று பிரித்துப் போட்டால் வீதம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரு பகுதியை மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். எப்படியும் வாங்கியே ஆக வேண்டிய பொருளாயின், விலை ஏறும் காலத்தில் முன்கூட்டி வாங்கிவிடுவதும் ஒரு சேமிப்பே.

மூன்றாவது, ஐந்து வருடங்களுக்கு மேல் தேவைப்படாத பணம். இதில் மட்டுமே சந்தையின் ஆட்டத்தைத் தாங்கலாம். ஆகுமான தொழில் செய்யும், கடன் குறைந்த கம்பனிகளின் பங்குகள், தங்கம், காணி என்று பிரித்து வையுங்கள். பங்கு வாங்குவதாயின் ஒரே நாளில் முழுப் பணத்தையும் இறக்காதீர்கள். மாதாமாதம் ஒரே தொகைக்கு வாங்கினால் விலை குறைந்த மாதத்தில் கூடுதலான பங்குகள் கிடைக்கும். எந்த மாதம் நல்ல மாதம் என்று சோதிடம் பார்க்க வேண்டியதில்லை. தங்கத்திலும் விற்கும்போது செய்கூலி திரும்பி வராது என்பதை மறந்துவிடாதீர்கள். சேமிப்புக்கென்றால் வேலைப்பாடு மிகுந்த நகையைவிடத் தங்க நாணயம் மேல்.

மாதம் 5 வீதம் தருபவர்

சந்தை ஆடும் காலத்தில்தான் இவர்கள் வீடு தேடி வருகிறார்கள். மாதம் 5 வீதம் என்றால் வருடத்துக்கு 60 வீதம். எந்த நேர்மையான வியாபாரத்திலும் இதை யாரும் உறுதியளிக்க முடியாது. இலாபம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே உறுதி கூறி, நட்டத்தில் பங்கில்லை என்றால் அது பெயரளவில் வியாபாரமாக இருந்தாலும் தன்மையில் வட்டியே. 2008 டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது அதில் வைப்பிட்டவர்கள் பட்ட பாடு நாடறிந்தது. பணம் கேட்பவரிடம் மத்திய வங்கியின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகிறது. “நம்ம ஆள்தானே, தொழுகையாளிதானே” என்பது அனுமதிப் பத்திரமாகாது. உறவினராக இருந்தாலும் எழுதி, சாட்சி வைத்துக் கொடுப்பது அவநம்பிக்கையல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி மார்க்கமே நமக்குப் பணித்திருக்கிறது.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

கையில் மிஞ்சியது 18 இலட்சம் ரூபா. முதலில் 6 இலட்சத்தை வீட்டுச் செலவுக்கென வைத்தார். ஒழுகிக்கொண்டிருந்த கூரைக்கான தகடும் சீமெந்தும் அந்த மாதமே வாங்கிவிட்டார். 4 இலட்சம் முடிந்தது. மகனின் மேற்படிப்புக்கான 8 இலட்சத்தில் பாதியை முழாரபாத் தவணைகளில் போட்டார். மீதியில் கொஞ்சம் தங்க நாணயமாகியது. எஞ்சியதற்கு எட்டு மாதங்களாகச் சிறிது சிறிதாகப் பங்குகள் வாங்கினார். எல்லாம் வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடத்துக்கென ஒதுக்கிய 6 இலட்சம் விலைவாசியால் எட்டு மாதங்களில் தீர்ந்தது. அவர் தையல் வேலை எடுக்க வேண்டியதாயிற்று. வாங்கிய பங்குகளில் ஒன்று இன்னமும் வாங்கிய விலைக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் மகனின் பணத்தை அவசரத்துக்கு விற்க வேண்டிய நிலை அவருக்கு வரவில்லை. 5 வீதக்காரரிடம் கொடுத்த வேறு சிலர் இன்றும் அவர் வீட்டு வாசலுக்கு அலைகிறார்கள்.

சகோதரிகளே, இன்றிரவே பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தை எடுத்து மூன்று நிரல்கள் போடுங்கள். வீட்டின் பணம், நகை, வங்கிக் கணக்கு, சீட்டு அனைத்தையும் உரிய நிரலில் எழுதுங்கள். கணவருடன் அமர்ந்து எழுதுங்கள். அவருடைய சேமலாப நிதி இலக்கமும் யாரிடம் என்ன கடன் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அன்று எங்கள் வீட்டுக்கு வந்த அந்தச் சகோதரிக்கு, கணவரின் கடன்களைக் கண்டுபிடிக்கவே மூன்று மாதங்கள் சென்றன.

அல்லாஹ் நம் பொருளில் பறக்கத்தையும், நம் முடிவுகளில் நிதானத்தையும் தருவானாக.