மிளகும் குளிசையும்

சண்டிலிப்பாய்ப் பக்கம் வீட்டில் ஒருவருக்குத் தடிமன் பிடித்தால் இரண்டு வேலை நடக்கும். குசினியில் மல்லியும் மரமஞ்சளும் அவியும். அலுமாரிக்குள் போன முறை மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையை யாரோ தேடுவார்கள். வினை இரண்டாவதில்தான். தடிமன் வைரசால் வருவது. அன்ரிபயோட்டிக் அதைத் தொடாது. உடம்பிலுள்ள பக்டீரியாக்களில் எளியவற்றைக் கொன்று, வலியவை பெருக இடம் விடும். அப்படி மருந்துக்கு அடங்காமல் போனவற்றால் 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பீடு.

இறைப்பு மிசினை நிறுத்தும் மிளகு

சில பக்டீரியாக்களின் மென்சவ்வில் இறைப்பு மிசின் போன்ற புரதம் ஒன்று இருக்கிறது. உள்ளே வரும் மருந்தை அது வந்த வேகத்திலேயே வெளியே இறைத்துவிடும். மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பெர்பெரினுக்கும் இதே கதிதான். ஆனால் பெர்பெரின் உள்ள வேறு சில செடிகளில், அந்த மிசினை அடைக்கும் இன்னொரு பொருளும் இருப்பதை 2000இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அது தனியே எதையும் கொல்லாது. பெர்பெரினைக் கொல்ல விடும். செடி எங்களுக்கு முன்னமே கூட்டு மருந்து கண்டிருக்கிறது!

2006இல் ஜம்மு ஆய்வாளர்கள் மிளகின் காரப்பொருளான பிப்பெரினைச் சிப்ரோபுளோக்சசின் என்ற அன்ரிபயோட்டிக்குடன் சேர்த்துப் பார்த்தார்கள். பிப்பெரினும் அந்த மிசினை அடைப்பதால் போலும், ஸ்டபைலோகொக்கஸ் என்ற பக்டீரியாவை அடக்கக் குறைந்த மருந்தே போதுமாக இருந்தது. இது ஆய்வுகூடத் தட்டில் நடந்தது. ரசத்தில் போட்ட மிளகு குடலையும் ஈரலையும் கடந்து புண்ணுக்குப் போய்ச்சேரும்போது மிஞ்சும் அளவு வேறு. இந்தக் கூட்டு இன்னும் ஆஸ்பத்திரி மருந்தாகவில்லை.

உள்ளியை நசித்தால்

உள்ளியில் கிருமியை அடக்கும் பொருளான அலிசினை 1944இல் பிரித்தெடுத்தார்கள். முழுப்பல்லில் அது இல்லை, நசிக்கும்போதுதான் உண்டாகும். நசிக்காமல் அவித்தால், அதை உண்டாக்கும் நொதி சூட்டில் கெட்டுவிடும். பச்சை உள்ளியை அரைத்துப் புண்ணில் கட்டுவதும் வேண்டாம், தோல் வெந்துபோகும்.

டொக்டரிடம் மறைக்காதீர்கள்

கசாயம் குடிப்பதை டொக்டரிடம் சொல்லப் பலருக்கு வெட்கம். சொல்லத்தான் வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர் உள்ளி மாத்திரையும் விழுங்கினால் இரத்தக்கசிவு கூடலாம். வலிப்புக்கு எடுக்கும் பெனிடோயினின் அளவைப் பிப்பெரின் இரத்தத்தில் கூட்டும். சித்த வைத்தியரிடம் போனாலும் இங்கிலீசு மருந்துத் துண்டைக் கொண்டு போங்கள். அலுமாரியில் மிஞ்சியிருப்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.