லயத்துக் காம்பராவுக்கு எந்த ரவுட்டர்?

கிளிநொச்சியில் ஒரு சாவு வீடு. வரவேண்டிய சொந்தங்களில் பாதிப் பேர் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் இருக்கிறார்கள். மிச்சப் பேர் கூடலூரிலும் கோத்தகிரியிலும், இன்னும் சிலர் டொரொண்டோவிலும். இறுதிக்கிரியை யூடியூபில் நேரலையாகப் போகிறது. தோட்டத்து வீட்டில் பத்துப் பேர் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால். பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கும் நேரத்தில் படம் உறைந்து, நடுவில் வட்டம் சுற்றத் தொடங்குகிறது.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்தவரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர்களில் பலர் நீலகிரியில் போய்த் தங்கினர். 1977, 1983 வன்செயல்கள் இன்னொரு பகுதியினரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. அங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களை யுத்தம் 2009 வரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தது. இப்படிச் சிதறிய குடும்பங்களில் கலியாணமும் சாவும் திருவிழாவும் பாதிப் பேருக்குத் திரை வழியாகத்தான் கிடைக்கின்றன. அந்தத் திரை நிற்காமல் ஓட நுவரெலியா மாவட்டத்துத் தோட்ட வீடொன்றுக்கு என்ன ரவுட்டர் வாங்கலாம்?

கடைக்குப் போனால் நான்கு, ஆறு, எட்டு அன்டெனா உள்ள பெட்டிகளைக் காட்டுவார்கள். கூடக் கூட விலையும் கூடும். ஆனால் இணையம் நம் திரைக்கு இரண்டு கட்டமாக வருகிறது. முதலாவது, கோபுரத்திலிருந்து வீடு வரை. இரண்டாவது, ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சி வரை. அந்த எட்டு அன்டெனாக்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்துக்கானவை. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் இரண்டாவது கட்டம் ஒரு பிரச்சினையே இல்லை. தோட்டத்தில் அறுந்துபோவது முதலாவது கட்டம். பணத்தையும் அங்கேதான் போட வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்து லயங்கள் பல, ஓடைக்குப் பக்கத்தில், மலையின் மடிப்புக்குள் கட்டப்பட்டவை. தண்ணீர் வசதிக்காகப் பார்த்த இடம் அது. கோபுரத்தின் அலைக்கு நேர்ப்பார்வை வேண்டும். நடுவில் ஒரு மலை முகடு வந்தால் நிழல் விழுவதுபோல் சிக்னல் விழுந்துவிடும். அதற்கு மேல் தகரக் கூரை அலையைத் திருப்பி அனுப்பும், கருங்கல் சுவர் விழுங்கும். அதனால்தான் இஸ்தோப்பில் நாலு கோடு காட்டும் போன் உள்ளே போனதும் ஒரு கோட்டுக்கு வருகிறது. 2020, 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது பிள்ளைகள் மலை மேட்டுக்கு ஏறிச் சூம் வகுப்பு பார்த்ததும் இதனால்தான்.

மூடுபனியால் சிக்னல் போகிறது என்று பலர் சொல்வார்கள். 4ஜி பயன்படுத்தும் அலைவரிசைகளை மூடுபனி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. மழை நாட்களில் வேகம் விழுந்தால் சந்தேகப்பட வேண்டியது கோபுரத்தின் மின்சாரத்தையும், கோபுரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மைக்ரோவேவ் தொடர்பையும். கடும் மழை அந்தத் தொடர்பை நிச்சயம் பாதிக்கும். அதற்கு எந்த ரவுட்டரும் மருந்தல்ல.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றின் சிம்களையும் அயலில் இரவல் வாங்குங்கள். அன்ட்ரொயிட் போனில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'எபவுட் போன்' பகுதியில் சிம் நிலைமையைத் திறந்தால் சிக்னலின் அளவு மைனஸ் குறியோடு ஒரு எண்ணாகத் தெரியும். 4ஜியில் மைனஸ் 90 அல்லது அதற்கு மேல், அதாவது மைனஸ் 85, 80 என்றால் நல்லது. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். மைனஸ் 110க்குக் கீழே போனால் நேரலையை மறந்துவிடலாம். காம்பராவுக்குள், ஜன்னலோரம், இஸ்தோப்பு, அட்டல், வீட்டுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் அளந்து எழுதி வையுங்கள். பிறகு அதே இடங்களில் இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் வேகத்தைச் சோதியுங்கள். முழுத் தோட்டமும் போனைப் பார்க்கும் நேரம் அதுதான். நண்பகலில் கிடைக்கும் வேகத்தை நம்பி வாங்கியவர்கள் இரவில் ஏமாறுகிறார்கள். எந்த நிறுவனம் என்பதை விளம்பரம் தீர்மானிக்கக் கூடாது, இந்தத் தாள் தீர்மானிக்கட்டும். ஒரே தோட்டத்தின் மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் விடை வேறாக இருக்கலாம்.

எவ்வளவு வேகம் போதும்? யூடியூபின் சொந்தப் பரிந்துரைப்படி 360பி தரத்துக்குச் செக்கனுக்கு 0.7 மெகாபிட், 480பிக்கு 1.1, 720பிக்கு 2.5, 1080பிக்கு 5, 4கேக்கு 20 மெகாபிட் வேண்டும். சாதாரண 32 அங்குலத் தொலைக்காட்சியில் 480பியும் 720பியும் கண்ணுக்குப் போதும். ஆக, விடாமல் வரும் 3 மெகாபிட், வந்து வந்து போகும் 30 மெகாபிட்டை விட மேல். டேட்டாக் கணக்கும் இதிலேயே இருக்கிறது: 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.25 ஜிகாபைட் போகும், 480பியில் அரை ஜிகாபைட். நான்கு மணி நேரக் கிரியையை முழுத் தரத்தில் பார்த்தால் 9 ஜிகாபைட், 480பியில் 2. பொதிகளில் பெரிய எண்ணாகக் காட்டப்படும் டேட்டாவில் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பின் மட்டும் பயன்படுவது. அது படம் இறக்கி வைக்க உதவும். யாரும் இரவு 2 மணிக்குத் தாலி கட்டுவதில்லை.

இனி பெட்டிக்கு வருவோம். நகரத்தில் ஃபைபர் வரும் இடத்தில் இருப்பவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், ஃபைபரை எடுத்துவிடலாம். தோட்டங்களுக்கு அது இன்னும் அரிது. செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது. ஆனால் கருவிக்கே ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல், மாதத்துக்கு 10,000 ரூபாவுக்கு மேல் என்றுதான் அது அறிமுகமானது. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்பதை நினைத்தால் அது யாருக்கானது என்று விளங்கும். மிஞ்சுவது சிம் போடும் 4ஜி ரவுட்டர்.

அதில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது அலைவரிசை. இலங்கையின் 4ஜி 900, 1800, 2300 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் ஓடுகிறது. பெட்டியில் இவை பேண்ட் 8, 3, 40 என்று எழுதப்பட்டிருக்கும். கனடாவிலிருந்து சித்தப்பா அன்போடு அனுப்பிய ரவுட்டர் இங்கே பொம்மையாகக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வட அமெரிக்காவுக்காகச் செய்த மாதிரிகள் பேண்ட் 2, 4, 12 போன்றவற்றுக்கானவை. ஐரோப்பாவுக்கான மாதிரிகள் ஓரளவு பொருந்தும். எதுவானாலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி உள்ள மாதிரியா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இரண்டாவது, பூட்டு. நிறுவனங்கள் மலிவாகக் கொடுக்கும் ரவுட்டர்களில் பல அவர்களின் சிம்மை மட்டுமே ஏற்கும். நாளை பக்கத்து மலையில் வேறு நிறுவனம் கோபுரம் போட்டால் பெட்டி வீண். பூட்டில்லாத ரவுட்டருக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது தோட்டத்தில் நியாயமான செலவு. அதேபோல், வீட்டு இணைப்புச் சிம்மை இன்னோரிடத்துக்குக் கொண்டு போனாலும் வேலை செய்யுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது, வெளி அன்டெனா பூட்டும் இரண்டு துளைகள். எல்லா மாதிரியிலும் இவை இல்லை, இருக்கிற அன்டெனா கழற்ற முடியாததாகவும் இருக்கும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. கூரையில் அன்டெனாவை வைத்து மலிவான மெல்லிய வயரை 10 மீற்றருக்கு இழுத்தால், 2300 மெகாஹேர்ட்ஸில் வந்த சிக்னலில் பத்தில் ஒன்பது பங்கு வயரிலேயே கரைந்துவிடும். அன்டெனா வைத்தும் பயனில்லை என்று பலர் சலித்துக்கொள்வது இதனால்தான். மாறாக, ரவுட்டரையே சிக்னல் நன்றாக வரும் ஜன்னலுக்கோ அட்டலுக்கோ கொண்டுபோய், அங்கிருந்து தொலைக்காட்சிக்கு லான் கேபிள் இழுங்கள். லான் கேபிள் 100 மீற்றர் வரை இழப்பில்லாமல் போகும், விலையும் குறைவு. எழுதி வைத்த தாளில் மிக நல்ல எண் எந்த இடத்தில் இருக்கிறதோ அதுதான் ரவுட்டரின் இடம். சாமிப் படத்துக்குப் பக்கத்து அலுமாரித் தட்டு அல்ல.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2.4 ஜிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும். 5 ஜிகாஹேர்ட்ஸ் வேகமானது, கிட்டத்தில் மட்டும். லயத்தில் பன்னிரண்டு காம்பராவிலும் ரவுட்டர் இருந்தால் 2.4இல் சந்தைச் சத்தம்தான். 5 உள்ள பெட்டி அங்கே உதவும். 'ஏசி1200' என்று எழுதியிருப்பது 300ஐயும் 867ஐயும் கூட்டிப் பெரிதாக்கிய எண். கோபுரத்திலிருந்து 4 மெகாபிட் வரும் வீட்டில் அந்த 1200 ஒரு அலங்காரம். 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடி வீட்டிலும் ஒரே ரவுட்டர் போதும்.

மின்சாரம் தனிக் கதை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கென்றே விற்கும் சின்னப் பற்றரிப் பெட்டி சில மணி நேரம் தாங்கும். வாங்கும்போது ரவுட்டரின் அடப்டரையும் கையோடு கொண்டுபோய் வோல்ட் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகத்தில் மண்சரிந்து, மின்சாரமும் தொடர்பும் அறுந்தபோது கோபுரங்களே அணைந்தன. அந்த நிலையில் வீட்டுப் பற்றரிக்கும் எல்லை உண்டு. மார்ச் - ஏப்ரலிலும் ஒக்டோபர் - நவம்பரிலும் பின்னேர இடி வரும்போது மின் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, கூரை அன்டெனாவின் வயரையும் கழற்ற வேண்டும். இடி முழங்கத் தொடங்குவதற்கு முன்னரே.

கடைசியாக, பகிர்வது. ஒரு ரவுட்டரை மூன்று நான்கு வீடுகள் சேர்ந்து பயன்படுத்துவது தோட்டத்தில் வழமை, செலவைப் பார்த்தால் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் சிம் ஒருவரின் அடையாள அட்டையில் பதிவானது. முகநூல் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஆட்களைக் கைது செய்த நாடு இது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. யார் பதிவிட்டாலும் முதலில் விசாரிக்கப்படக்கூடியவர் சிம்முக்குரியவர். எனவே பெட்டியோடு வந்த கடவுச்சொற்களை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபையின் கடவுச்சொல்லும் ரவுட்டரின் உள்பக்கத்துக் கடவுச்சொல்லும் வேறு வேறு. அயலவருக்கு 'கெஸ்ட்' வைஃபையைத் திறந்து கொடுங்கள், அதன் சொல்லை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் வேக எல்லை வைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம். பக்கத்துக் காம்பராவில் பப்ஜி ஓடும்போதும் உங்கள் வீட்டு நேரலை நிற்காது.